குரல்வளை நீக்கத்திற்குப் பிந்தைய பேச்சு

குரல்வளை நீக்கத்திற்குப் பிந்தைய பேச்சு என்பது, புற்றுநோய் முதலிய காரணங்களால் குரல்வளை முழுவதையும் அறுவை மருத்துவத்தில் இழந்தவர்கள், வேறு வழிகளில் ஒலியெழுப்பி மீண்டும் பேசக் கற்றுக்கொள்வதைக் குறிக்கும். உணவுக்குழாய்ப் பேச்சு, மின்குரல்வளைக் கருவி, மூச்சுக்குழலையும் உணவுக்குழாயையும் இணைக்கும் குரல் வால்வு ஆகிய மூன்று முறைகள் உலகெங்கும் வழக்கில் உள்ளன. இவற்றுள் எது ஒருவருக்குப் பொருந்தும் என்பது அவருடைய உடல்நிலையை மட்டும் பொறுத்ததன்று. அவர் பேசும் மொழி, செய்யும் தொழில், கையிலுள்ள பணம், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஆகியனவும் அதனை முடிவு செய்கின்றன.

குரலும் பேச்சும்

குரலும் பேச்சும் ஒன்றல்ல. நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று குரல்வளையிலுள்ள குரல் நாண்களை அதிரச் செய்யும்போது குரல் பிறக்கிறது. அக்குரலை நா, இதழ், பல், அண்ணம், மூக்கு ஆகியவை பல்வேறு ஒலிகளாக வடிவமைக்கும்போதே அது பேச்சாகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்துகளாகப் பிறக்கும் என எட்டு இடங்களைக் கூறுகிறது. இப்பாகுபாட்டின்படி பார்த்தால், குரல்வளை நீக்கப்பட்டவர் இழப்பது மிடற்றை. ஒலியை எழுத்தாக்கும் உறுப்புகள் அவரிடம் அப்படியே இருக்கின்றன. மறுபடி பேசுவது இயலுவதற்கு இதுவே அடிப்படை.

குரல்வளையின் முதற்பணி குரலெழுப்புவதன்று. உண்ணும் உணவும் பருகும் நீரும் மூச்சுக்குழலுக்குள் இறங்காமல் காப்பதே அதன் தலையாய வேலை. எனவே குரல்வளையை எடுத்துவிட்டால் மூச்சுவழியையும் உணவுவழியையும் முற்றிலும் பிரித்தாக வேண்டும். மூச்சுக்குழலின் மேல்முனை கழுத்தின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டுத் தோலோடு தைக்கப்படுகிறது. அதன்பின் அந்தத் துளையே வாழ்நாள் முழுதும் மூச்சுக்கான வழி. இது தற்காலிகமாகச் செய்யப்படும் மூச்சுக்குழல் துளைப்பிலிருந்து வேறுபட்டது. பின்னதில் வாய்க்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு அறுபடுவதில்லை.

தொடர்பு அறுபடுவதால் முணுமுணுத்துப் பேசுவதும் இயலாது. முணுமுணுப்புக்கும் நுரையீரல் காற்று வாய்க்கு வரவேண்டும். சீட்டியடிக்கவும், சூடான காப்பியை ஊதிக் குடிக்கவும், மூக்குச் சிந்தவும் முடியாது. மூக்கின் வழியே காற்று செல்லாததால் மணம் அறியும் திறனும் பெரிதும் குறைகிறது. உதடுகளை மூடிக்கொண்டு கீழ்த்தாடையைத் தாழ்த்திக் கொட்டாவி விடுவதுபோல் செய்து, மூக்கினுள் காற்றை இழுக்கும் ஒரு பயிற்சியை நெதர்லாந்து மருத்துவர்கள் உருவாக்கினர். அதனால் பலர் மணத்தை ஓரளவு மீட்டுள்ளனர்.

அறுவை முடிந்த முதல் நாட்களில் எழுதிக் காட்டுவதே வழி. பலகையும் சாக்குக்கட்டியும் இருந்த இடத்தில் இப்போது செல்பேசி வந்துவிட்டது. தட்டச்சிட்ட தமிழை உரக்கப் படிக்கும் செயலிகளும் உள்ளன. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவருக்கு இவற்றால் பயனில்லை. அவருக்கு அந்த நாட்கள் முழுமையான மௌனமே. படங்கள் வரைந்த அட்டையும், அறுவைக்கு முன்பே வீட்டாரோடு பேசி வைத்துக்கொண்ட சைகைகளும் அவருக்கு உதவும். அறுவைக்கு முன் பேச்சுப் பயிற்றுநரைச் சந்திக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரணங்கள்

குரல்வளைப் புற்றுநோய்க்குப் புகைத்தல் முதற்காரணம். மதுப்பழக்கமும் சேரும்போது இடர் பன்மடங்காகிறது. தொடக்கநிலையில் கண்டறிந்தால் கதிர்வீச்சு மருத்துவத்தாலோ பகுதி அறுவையாலோ குரல்வளையைக் காப்பாற்றிவிடலாம். முற்றிய நிலையிலும் அது இயலக்கூடும் என்பதை 1991 இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் ஆய்வு காட்டியது. வேதிமருந்தும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் குரல்வளை காக்கப்பட்டது. அதன்பின் முழு நீக்கம் குறைந்தது. எனினும் நோய் குருத்தெலும்பை அரித்துவிட்ட நிலையிலும், கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்பிய நிலையிலும் முழு நீக்கம் இன்றும் செய்யப்படுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மலைச் சளி என்று கருதி விட்டுவிடுவது, காக்கக்கூடிய குரல்வளையை இழப்பதற்கு ஒரு பொதுவான காரணமாகும்.

வரலாறு

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுமையாக நீக்கிய முதல் அறுவையை, வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1873 திசம்பர் 31 அன்று செய்தார். நோயாளி 36 அகவையுடைய ஒரு சமய ஆசிரியர். பில்ரோத்தின் உதவியாளரான கார்ல் குசென்பவர் அவருக்காக உலோக நாக்கு பொருத்திய செயற்கைக் குரல்வளை ஒன்றை அமைத்தார். அவர் அதன்வழி பேசினார் என்றாலும் சில மாதங்களில் நோய் திரும்பி இறந்தார். உயிரைக் காப்பது, பேச்சைத் திருப்பித் தருவது என்ற இரு நோக்கங்களும் இம்மருத்துவத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்தே வந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உணவுக்குழாய்ப் பேச்சே பெரும்பாலும் கற்பிக்கப்பட்டது. குரல்வளையை இழந்தவர்களே ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் கற்பித்தனர். அமெரிக்காவில் 1952 இல் குரல்வளை நீக்கப்பட்டோரின் பன்னாட்டுச் சங்கம் தோன்றியது. சப்பானின் தோக்கியோவில் 1950களில் தொடங்கிய 'கின்ரெய்காய்' அமைப்பில், கற்றுத் தேர்ந்த நோயாளிகளே ஆசிரியர்களாக இருந்து வகுப்பு நடத்தினர். பயிற்றுநரின் விளக்கத்தைவிட, தன்னைப்போலவே கழுத்தில் துளையுடைய ஒருவர் எதிரே அமர்ந்து பேசுவதைக் காண்பது கற்பவருக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

மூன்றாவது முறையின் தொடக்கம் வியப்பானது. தம் கழுத்துத் துளையின் வழியாகச் சூடேற்றிய பனிக்கட்டிக் குத்தூசியைச் செலுத்தி உணவுக்குழாயைத் தாமே துளைத்துக்கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி, சிகாகோ மருத்துவர் குட்மன் 1930களில் பதிவு செய்தார். கழுத்துத் துளையை விரலால் அடைத்ததும் மூச்சுக்காற்று அவ்வழியே வாய்க்குச் சென்றது. அவரால் பேச முடிந்தது. வழி சரியானதே, ஆனால் உண்பதும் குடிப்பதும் அதே துளை வழியே நுரையீரலுக்குள் ஒழுகின. ஒருவழி வால்வு கிடைக்கும்வரை இச்சிக்கல் தீரவில்லை. போலந்து மருத்துவர் மொசொலெவ்சுகி 1972 இல் அத்தகைய வால்வை விவரித்தார். அமெரிக்காவின் மார்க் சிங்கர், எரிக் புளோம் ஆகியோர் 1979 இல் அறிவித்த முறையும் வால்வும் பரவலாயின. நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் உருவான புரோவாக்சு வால்வு 1990 இல் வந்தது.

குரல்வளை மாற்று அறுவை 1998 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வெற்றியுடன் செய்யப்பட்டது. எனினும் இன்றளவும் அது மிக அரிதானது. உடல் ஏற்க மறுப்பதைத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோய் திரும்புவதற்கு இடமளிக்கும் என்ற அச்சமே முதன்மைத் தடை.

உணவுக்குழாய்ப் பேச்சு

வாயிலுள்ள காற்றை உணவுக்குழாயின் மேற்பகுதிக்குள் அழுத்தி, உடனே வெளிவிடும்போது அக்குழாயின் வாய்த்தசை அதிர்ந்து குரல் உண்டாகிறது. எளிதாகச் சொன்னால் இது அடக்கி ஆளப்பட்ட ஏப்பம். தொடக்கத்தில் சோடா குடித்து வரும் ஏப்பத்தில் ஒரு அசையைச் சொல்லிப் பழகியவர்கள் உண்டு. பின்னர் நாக்கை அண்ணத்தோடு அழுத்திக் காற்றை உட்செலுத்தக் கற்கின்றனர்.

கற்பவர் செய்யும் முதற்பிழை காற்றை விழுங்குவது. விழுங்கிய காற்று வயிற்றுக்குப் போய் உப்புசம் தரும், பேச்சுக்குத் திரும்பாது. இரண்டாவது பிழை முக்கிப் பேசுவது. முயற்சி மிகும்போது நுரையீரல் காற்று கழுத்துத் துளை வழியே சீறி வெளியேறி, எழும் சிறு குரலையும் அமிழ்த்திவிடும். மெல்லப் பேசுவதே நன்கு கேட்கும் என்பதை நம்பவே சிலருக்கு வாரங்கள் ஆகும்.

ஒருமுறை செலுத்தும் காற்றின் அளவு ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிலிட்டர். நுரையீரலோ இலிட்டர் கணக்கில் காற்றைத் தருவது. எனவே நாலைந்து அசைக்கு ஒருமுறை காற்றெடுக்க வேண்டியிருக்கும். குரலின் அதிர்வெண் நொடிக்கு 60 முதல் 80 வரை தாழ்ந்துவிடுவதால், பெண்களைத் தொலைபேசியில் ஆண் என்றே பிறர் எண்ணுவர். குரலிழந்த பெண்கள் பேசத் தெரிந்தபின்னும் பொது இடங்களில் பேசத் தயங்குவதற்கு இது ஒரு காரணமாகும்.

தேர்ச்சி பெறப் பல மாதங்கள் ஆகும். முயல்வோர் அனைவரும் வெற்றி பெறுவதில்லை. ஆயினும் கருவி வேண்டாம், மின்கலம் வேண்டாம், கையும் வேண்டாம், செலவும் இல்லை என்ற சிறப்புகள் இம்முறைக்கு மட்டுமே உரியவை.

மின்குரல்வளை

கையடக்கமான இக்கருவியைக் கழுத்தின் மென்மையான பகுதியில் அழுத்தி வைத்தால், அதன் அதிர்வு தோல் வழியே தொண்டைக்குள் சென்று குரலுக்கு ஈடாகிறது. வாயசைவு அதனைப் பேச்சாக்குகிறது. திரிதடையங்களால் இயங்கும் கருவியைப் பெல் ஆய்வகம் 1960ஆம் ஆண்டளவில் உருவாக்கியபின் இது பரவியது. சில நாட்களிலேயே பழகிவிடலாம் என்பது இதன் நன்மை. ஏற்ற இறக்கமற்ற எந்திர ஒலியும், எப்போதும் ஒரு கையைப் பிடித்துவைப்பதும் குறைகள். கதிர்வீச்சால் கழுத்து இறுகியவர்களுக்கு அதிர்வு உள்ளே செல்லாது. அவர்கள் வாய்க்குள் வைக்கும் சிறு குழாயைப் பயன்படுத்துவர்.

குரல் வால்வு

மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட சுவரில் சிறு துளையிட்டு, சிலிக்கோன் வால்வு ஒன்றைப் பொருத்துவது இம்முறை. பேசும்போது கழுத்துத் துளையை விரலால் மூடினால் மூச்சுக்காற்று வால்வைத் திறந்து உணவுக்குழாய்க்குள் செல்லும். அதிர்வது உணவுக்குழாயின் அதே வாய்த்தசைதான். ஆனால் அதனை இயக்குவது நுரையீரல் காற்று என்பதால் நீண்ட தொடர்களைத் தடையின்றிப் பேசலாம். பெரும்பாலோர் சில நாட்களிலேயே பேசிவிடுகின்றனர். வளர்ந்த நாடுகளில் இதுவே முதன்மை முறை.

வால்வு நிலையானதன்று. கேண்டிடா என்னும் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் அதன்மேல் படலமாகப் படிந்து மூடியைக் கெடுக்கின்றன. நீர் குடிக்கும்போது இருமல் வந்தால் வால்வு ஒழுகுகிறது என்று பொருள். சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் மாற்ற வேண்டும். நாள்தோறும் சிறு தூரிகையால் துப்புரவு செய்ய வேண்டும். மோர் இப்படலத்தைக் குறைக்கக்கூடும் என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் ஆய்வகச் சோதனைகளைக் கொண்டு எழுதினர். தமிழர் உணவில் மோர் அன்றாடப் பொருள் என்பது நல்வாய்ப்பே. ஆனால் அது தூரிகைக்கும் மருந்துக்கும் மாற்றாகாது.

தமிழ் ஒலிகளும் மாற்றுக்குரலும்

மாற்றுக்குரலில் சில ஒலிகள் எளிதாகவும் சில கடினமாகவும் அமைகின்றன. எனவே பயிற்சிச் சொற்களை அந்தந்த மொழிக்கு ஏற்பத் தெரிவு செய்ய வேண்டும். ஆங்கிலப் பயிற்சிப் பட்டியலை மொழிபெயர்ப்பதால் பயன் சிறிது.

உணவுக்குழாய்ப் பேச்சில் ப, த, க போன்ற வெடிப்பொலிகள் காற்றை உட்செலுத்தத் துணைபுரிகின்றன. இதழையோ நாவையோ மூடும்போது வாயினுள் எழும் அழுத்தமே காற்றை உள்ளே தள்ளிவிடும். தமிழில் வல்லினம் ஆறனுள் க, ச, த, ப ஆகிய நான்கு சொல்லுக்கு முதலில் வரும். ஆகவே பத்து, தட்டு, கப்பல், பாட்டு போன்ற சொற்கள் தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றவை. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு வல்லினமும் இடையில் இரட்டித்த வல்லினமும் உள்ளன. மெல்லினம் இதற்கு மாறானது. மூக்கின் வழியே காற்று கசிவதால் அழுத்தம் எழுவதில்லை. கேட்பவர் 'மாடு' என்பதைப் 'பாடு' என்று கொள்ளக்கூடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கும் காற்றைத் தனியே செலுத்திக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் பேசும் 'அம்மா' என்ற சொல், இவ்வாறு மீண்டும் பேசக் கற்பவருக்குப் பிந்தியே கைகூடும். 'பாட்டி', 'தாத்தா' ஆகியன முந்திக்கொள்ளும்.

வேறு வகையில் தமிழின் அமைப்பு உதவியாக உள்ளது. மின்குரல்வளை இடையறாது ஒலிப்பதால் குரலற்ற ஒலிகளும் குரலுடையனவாகக் கேட்கும். ஆங்கிலம், இந்தி போன்ற மொழிகளில் இதனால் பொருள் மாறும். தமிழ்ச் சொற்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது. தனி எழுத்தும் இதற்கு இல்லை. 'பல்' என்பதைச் சற்று மெலித்து ஒலித்தாலும் பல்லாகவே விளங்கும். மகள், மக்கள் என்பவற்றையோ படம், பட்டம் என்பவற்றையோ வேறுபடுத்துவதில் ஒலி நீடிக்கும் கால அளவுக்குப் பெரும்பங்கு உண்டு. கால அளவை ஆள்வது நாவும் இதழும். அவை பழுதின்றி உள்ளன. பேச்சில் கலந்துள்ள வடமொழி, ஆங்கிலச் சொற்களுக்கு இச்சலுகை இல்லை.

வினாவும் அவ்வாறே. பல மொழிகளில் குரலை உயர்த்தினால்தான் கூற்று வினாவாகும். தமிழில் 'வந்தான்' என்பதோடு ஆகாரம் சேர்ந்து 'வந்தானா' என்றாகிவிடும். தேற்றத்திற்கு ஏகாரமும் ஐயத்திற்கு ஓகாரமும் உண்டு. ஒரே சுருதியில் ஒலிக்கும் எந்திரக் குரலிலும் கேள்வி கேள்வியாகவே நிற்கும். சினமும் கேலியும் அவ்வாறு நிற்பதில்லை. அவற்றை முகத்தால் காட்ட வேண்டியுள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் அயல்நாட்டு வால்வு ஒன்றின் விலை பல்லாயிரம் ரூபாய். சில மாதங்களுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கூலித் தொழிலாளர் ஒருவருக்கு அது எட்டாத பொருள். பெங்களூரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் விசால் ராவ், தொழில்முனைவோரான தம் நண்பர் சசாங்க் மகேசுடன் இணைந்து 'ஓம்' என்ற வால்வை உருவாக்கினார். 2010களின் நடுப்பகுதியில் அறிவிக்கப்பட்ட அதன் விலை ஏறத்தாழ 50 ரூபாய். ஆயினும், வால்வின் விலை குறைவதால் அதனை மாற்றிப் பொருத்தும் மருத்துவரை அடைவதற்கான தொலைவு குறைந்துவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் தொடக்க நிறுவனம், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் நிறுவப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். பேச்சுப் பயிற்றுநர்களை உருவாக்கும் முன்னோடி நிறுவனம் மைசூரில் 1960களில் தொடங்கிய அனைத்திந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். பயிற்றுநர்கள் பெருநகரங்களிலேயே மிகுதியாக உள்ளனர். அறுவை செய்யப்பட்டவரோ தையல் ஆறியதும் ஊர் திரும்பிவிடுகிறார்.

மலைப்பகுதிகள்: கொல்லிமலை

தொலைவு இங்கு எவ்வாறு வினையாற்றுகிறது என்பதற்கு நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஓர் எடுத்துக்காட்டு. மலையின் மையமான செம்மேட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. புற்றுநோய் அறுவைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சேலம் செல்ல வேண்டியிருந்தது. வால்வு ஒழுகத் தொடங்கினால் காத்திருக்க முடியாது. குடிக்கும் ஒவ்வொரு மிடறு நீரும் நுரையீரலுக்குள் இறங்கும். ஆகையால் இத்தகைய இடங்களில் வாழ்வோருக்கு, நகர மருத்துவர்கள் பழைய முறை என்று ஒதுக்கும் உணவுக்குழாய்ப் பேச்சு இன்னும் பொருளுடையது. அதனைக் கற்பிக்க ஆளில்லாமல் போவது உண்மையான இழப்பு. மிளகுக்கொடி ஏறும் மரத்தில் ஏணி சாய்த்து நிற்பவருக்கும், களை எடுப்பவருக்கும் கழுத்தில் விரல்வைத்துப் பேசக் கை ஓய்வதில்லை என்பதும் கருதத்தக்கது.

கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் குளிர்காற்று, மூக்கில் வெதுவெதுப்பாகாமல் நேரே நுரையீரலை அடைவதால் இருமலும் சளியும் மிகும். ஈரப்பதம் காக்கும் வடிப்பான் கிடைக்காதவர் துளையின்மேல் மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். அடுப்புப் புகைக்கும் அது ஓரளவு தடுப்பு.

நீரே மிகப்பெரிய இடர். கழுத்துத் துளை நனைந்தால் நீர் நேராக நுரையீரலுக்குள் செல்லும். மூச்சடக்கித் தப்ப முடியாது. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறும் ஆடி மாதத்தில், ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியில் நீராடுவது இங்கு வழக்கம். குரல்வளை நீக்கப்பட்டவர் அருவியின் கீழ் நிற்பதும், ஆழமான நீரில் இறங்குவதும் கூடாது. வீட்டிலும் தலைக்குக் குளிக்கும்போது துளையைக் காப்பிட்டுக் கொள்ள வேண்டும். அவர் மயங்கி விழுந்தால் வாயில் ஊதுவது பயன்படாது. கழுத்துத் துணியை விலக்கி, அத்துளையின் வழியே காற்றூத வேண்டும். உடனிருப்போர் இதனை அறிந்திருப்பது இன்றியமையாதது, ஏனெனில் அந்த நேரத்தில் அவரால் சொல்ல இயலாது.